கேம் ரசிகர் விழாவுக்கு டிக்கெட் விற்கும் முன் டவரைப் பாருங்கள்

மொபைல் கேம் ரசிகர் விழா நடத்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டிக்கெட் போகும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்த மைதானத்தில் ஒரே நேரத்தில் எத்தனை போனில் கேம் ஓடும் என்று. கச்சேரிக்கு வந்தவர் சிக்னல் இல்லாவிட்டாலும் பாட்டைக் கேட்டுவிட்டுப் போவார். இங்கே சிக்னல் போனால் விழாவே போச்சு.

2017 ஜூலை 22 அன்று சிகாகோ கிராண்ட் பார்க்கில் நடந்த முதல் போகிமான் கோ ஃபெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போகிமான் கோ என்பது வெளியே நடந்து திரிந்து, போகிமான் என்ற கற்பனை உயிரினங்களை போனில் பிடிக்கும் கேம். டிக்கெட் 20 டாலர், சுமார் 20,000 பேர், விற்பனை திறந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் காலி. ஆனால் அன்றைக்கு செல்போன் நெட்வொர்க் திணறியது, கேமும் சரியாக ஓடவில்லை, நுழைவதற்கே நீண்ட வரிசை, மேடையேறிய, கேமை உருவாக்கிய நியான்டிக் கம்பெனியின் அன்றைய தலைவர் ஜான் ஹாங்கியைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டது. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, 100 டாலர் மதிப்புக்கு கேம் காசும் கொடுத்து, லூகியா என்ற அபூர்வ போகிமானையும் கொடுத்தார்கள். அதோடு முடியவில்லை. பயணத்துக்கும் தங்கவும் செலவழித்து வந்தவர்களுக்காக வழக்கு நடந்து, 2018இல் 15 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குச் சமரசம் ஆனது. டிக்கெட் வசூலே நாலு லட்சம் டாலர் பக்கம்தான் இருந்திருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடம் அதே ஊரில் லிங்கன் பார்க்குக்கு மாறினார்கள். ஒரு நாளை இரண்டு நாளாக்கி, கூட்டம் ஒரே இடத்தில் நிற்காமல் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்துகொண்டே விளையாடும்படி பாதை போட்டார்கள். 2019இல் நான்கு நாள், டிக்கெட் வாங்கும் வாய்ப்பும் குலுக்கலில். 2022இல் பெர்லின், சியாட்டில் விழாக்களில் பாதி நாள் பார்க்கில், மீதி நாள் ஊருக்குள் என்று பிரித்துவிட்டார்கள். காலையில் ஒரு கூட்டம் பார்க்கில் இருக்கும்போது இன்னொரு கூட்டம் ஊரைச் சுற்றும், மதியம் இடம் மாறும். மொத்த டிக்கெட் கூடும், ஆனால் எந்த நேரத்திலும் பார்க்கில் நிற்கும் தலைகளின் எண்ணிக்கை ஏறாது. டிக்கெட் விற்பனையைக் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இடத்தை முடிவு செய்வதற்கு முன் அங்கே வேறு ஏதாவது பெரிய கூட்டம் கூடும் நாளில் போய், எல்லா கம்பெனி சிம்மிலும் கேமை ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாத செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் ஒன்றும் தெரியாது. பெரிய கூட்டம் என்றால் வண்டியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவருக்கு தொலைபேசி நிறுவனங்களிடம் பல வாரம் முன்பே பேச வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டால் டிக்கெட் எண்ணிக்கையைக் குறையுங்கள், வேறு வழியில்லை.

அப்புறம் வாசல். பையைப் பார்த்து, கியூஆர் ஸ்கேன் செய்து ஒருவரை உள்ளே விட 10 விநாடி என்று வைத்தாலும் ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர்தான். 3,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட ஒன்பது வரிசை வேண்டும். அவ்வளவு ஆள் இல்லையா, டிக்கெட்டிலேயே நுழைவு நேரத்தை அச்சடித்துப் பிரித்து விடுங்கள். ஸ்கேன் செய்யும் போன்களில் டிக்கெட் பட்டியல் இணையம் இல்லாமலும் திறக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விற்பனையில் இரண்டு விஷயம் கறார். டிக்கெட்டை ஆளின் கேம் ஐடியோடு இணைத்துவிட்டால் மொத்தமாக வாங்கிக் கள்ள விலைக்கு விற்பவர்களுக்கு வேலை இருக்காது. ஆனால் இந்த ரசிகர்கள் தனியாக வருவதில்லை, நாலைந்து பேர் அணியாக வருவார்கள், அதனால் ஒரே பில்லில் அணிக்கே ஒரே நேரத்தில் இடம் கொடுங்கள். ஒருத்தனுக்குக் காலை, இன்னொருத்தனுக்கு மதியம் என்றால் யாருமே வாங்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் ரயில் டிக்கெட் எடுக்கிற அளவுக்காவது முன்பே தேதியைச் சொல்லுங்கள். வர முடியாதவர்களை விட்டுவிட வேண்டாம்: கோ ஃபெஸ்ட் 2020இல் முழுக்க வீட்டிலிருந்தே ஆடும்படி நடந்தபோது டிக்கெட் 14.99 டாலர், அடுத்த வருடம் அதை 5 டாலராக இறக்கினார்கள்.

கேமின் பெயரையும் லோகோவையும் போட்டுப் பணம் வாங்குவதென்றால் அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே போஸ்டர். இந்தியாவில் இன்னொரு தலைவலியும் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்று தடை திடீரென்று வந்தது. 2022 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து போய், 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. அதனால் "கேம் தடையானாலோ சர்வர் விழுந்தாலோ எத்தனை நாளில் எவ்வளவு பணம் திரும்பும்" என்பதை வாங்கும் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். வசூலான பணத்தை விழா முடியும்வரை மண்டப அட்வான்ஸ், டி-ஷர்ட் என்று முழுதாகக் கரைத்துவிடவும் கூடாது.

தண்ணீர், நிழல், சார்ஜ் போடும் இடம் இதெல்லாம் சொல்லவே வேண்டியதில்லை. பவர் பேங்க் வாடகைக்கு விட்டால் கொஞ்சம் காசும் வரும், டெபாசிட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.