தோள்வலிக்கு இம்பிஞ்ச்மென்ட் என்று சொல்லிவிட்டார்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது ஏறக்குறைய 60 டிகிரியில் வலி பிடிக்கும், 120 டிகிரியைத் தாண்டினால் விட்டுவிடும். வலி தோள் உச்சியில் நிற்காமல் மேல்கையின் வெளிப்பக்கமாக இறங்கும், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடும். இம்பிஞ்ச்மென்ட், அதாவது கையைத் தூக்கும்போது தோள் மேலெலும்புக்குக் கீழே தசைநாண் நெருக்கப்படுவதாகச் சொல்லப்படும் வலி, அதன் வழக்கமான அடையாளங்கள் இவைதான். ஆனால் எல்லாத் தோள்வலிக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடுவதில்தான் முதல் தவறே நடக்கிறது.

ஒரு சின்னச் சோதனை போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கிக்கொள்ளுங்கள், இன்னொருவரை உங்கள் முன்கையைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அடுத்த கை அளவுக்குத் திரும்பினால் மூட்டு இறுகவில்லை என்று பொருள். பாதியிலேயே இறுகி நின்றுவிட்டால் அது ஃப்ரோசன் ஷோல்டராக (மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது) இருக்கலாம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சந்தேகம் இன்னும் வலுவாக வரவேண்டும். அதற்கான சிகிச்சை வேறு, ஆகும் காலமும் வேறு. வலி முழங்கைக்குக் கீழே ஓடி விரல் மரத்துப்போனால் சிக்கல் கழுத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனாலும், காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். இடது தோள்வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது இதயமாக இருக்கலாம், அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ. 1995-இல் வந்த ஓர் ஆய்வில் தோள்வலியே இல்லாத 96 பேருக்கு ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகளின் நாணில் கிழிசல் இருந்தது! வயதோடு வரும் தேய்மானத்தை ரிப்போர்ட்டில் படித்துவிட்டு, கை அவ்வளவுதான் என்று பயந்து ஆட்டாமலே வைத்துக்கொள்பவர்களை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. அடிபட்டிருந்தாலோ, கை பலமே இழந்திருந்தாலோ, சிகிச்சைக்குப் பிறகும் குறையவில்லை என்றாலோ ஸ்கேன் தேவைப்படும். மற்றபடி அவசரமில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய விளக்கமும் காரணம். தோள் மேலெலும்பு கீழிருக்கும் தசைநாணை உரசித் தேய்க்கிறது, அந்த எலும்பைச் செதுக்கினால் சரியாகிவிடும் என்று 1972-இல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எழுதினார். பல ஆண்டுகள் அப்படித்தான் செதுக்கினார்கள். பிரிட்டனில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் வெளியே எடுத்தவர்களுக்கும் பலனில் வித்தியாசமே இல்லை. 2019-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழின் வழிகாட்டுதல் இந்த அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. அதனால் யாராவது உடனே செதுக்கிவிடலாம் என்றால் இரண்டாவது மருத்துவரிடமும் கேளுங்கள்.

சரி, அப்போ என்ன செய்வது? கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிக் கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுப்பதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது தசையைப் பலவீனமாக்கும், மூட்டும் இறுகும். வலியைக் கிளப்புகிற வேலையை, அதாவது தலைக்கு மேல் தூக்குவதையும் திரும்பத் திரும்ப எட்டுவதையும், கொஞ்ச நாள் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வலிக்கும் தோள் சுவர்ப்பக்கம் இருக்கிற மாதிரி பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, புறங்கையால் சுவரை மெல்லத் தள்ளிச் சில விநாடி பிடித்து விடுங்கள். தோள் அசையாமலே ரொட்டேட்டர் கஃப் வேலை செய்யும். அது சுலபமானதும் ரப்பர் பட்டை, அப்புறம் சின்ன எடை, கடைசியாகத் தலைக்கு மேல் தூக்குவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் அளவைக் குறையுங்கள்.

இரண்டு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும், குறைந்தது 12 வாரம் கொடுங்கள். அதற்காக வாராவாரம் பிசியோதெரபிக்கு ஓடவேண்டும் என்பதில்லை. 2021-இல் 708 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில், ஒரே ஒரு முறை முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களும் பல முறை போய்வந்தவர்களும் ஓராண்டில் ஒரே அளவுக்குத்தான் முன்னேறியிருந்தார்கள்.

ஸ்டீராய்டு ஊசி? தூங்கவே முடியாத வலிக்கு ஒன்று போட்டு, அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்குவது நியாயம். அதன் பலன் சில வாரங்களுக்குத்தான், வலி திரும்பும்போதெல்லாம் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டால் தசைநாணுக்குக் கெடுதல். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும் என்பதால், போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள்.