கொல்லிமலைக்குக் கிளம்பும் முன்: ஸ்போர்ட் டூரிங் பைக்கைத் தயார் செய்து ஓட்டும் முறை

நாள் முழுக்க நெடுஞ்சாலையில் களைப்பில்லாமல் ஓட வேண்டும். கடைசியில் மலையேறும்போது வளைவுகளில் சாய்ந்து திரும்பவும் வேண்டும். பின்னால் ஒரு ஆளும் இரண்டு பையும் இருக்கும். இவ்வளவையும் ஒரே வண்டியிடம் எதிர்பார்த்தால் அதுதான் ஸ்போர்ட் டூரர். இந்தப் பதிவை பஜாஜ் டோமினார் 400-ஐ மனதில் வைத்து எழுதுகிறேன். 373.3 சிசி, லிக்விட் கூல்டு ஒற்றை சிலிண்டர், ஆறு கியர், 13 லிட்டர் டேங்க். 2019-க்குப் பிறகு வந்தவற்றில் சக்தி 40 பிஎஸ். உங்களிடம் அப்பாச்சி ஆர்ஆர் 310 இருந்தாலும், நிஞ்ஜா 1000 இருந்தாலும் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். செயினுக்குப் பதில் தண்டு வழியாகப் பின்சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் டிரைவ் வண்டிக்காரர்கள் மட்டும் செயின் பகுதியைத் தாண்டிப் படிக்கலாம்.

"போன மாதம்தான் சர்வீஸ் விட்டேன், அப்புறம் என்ன?" என்று புதிதாக வண்டி வாங்கியவர்கள் கேட்பதுண்டு. சர்வீஸ் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் வரும். செயின் சில நூறு கிலோமீட்டரிலேயே காய்ந்துவிடும். டயரில் காற்று தானாகவே மெல்லக் குறையும். இந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் வேலை. மெக்கானிக் அறிவு வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசலில் உட்கார முடிந்தால் போதும்.

செயின்: முதலில் இங்கே உட்காருங்கள்

இன்ஜினின் அத்தனை சக்தியும் பின்சக்கரத்துக்குப் போவது இந்த ஒரு செயின் வழியாகத்தான். அதனால் அதிக நேரத்தை இதற்கே ஒதுக்கச் சொல்வேன்.

இந்த வண்டிகளில் வருவது சீல்டு செயின். ஒவ்வொரு பின்னுக்கும் உள்ளே கிரீஸ் வைத்து, அது வெளியேறாமல் இருக்கச் சின்ன ரப்பர் வளையங்களை மாட்டியிருப்பார்கள். அந்த ரப்பரைக் காப்பாற்றுவதுதான் செயின் பராமரிப்பின் பாதி. பெட்ரோல் போட்டுக் கழுவினாலோ கம்பி பிரஷால் தேய்த்தாலோ ரப்பர் கெட்டு, உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். அதற்குப் பிறகு வெளியே எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பலனில்லை.

1. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். துணி ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

2. செயின் கிளீனர் ஸ்பிரே அல்லது மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷால் நான்கு பக்கமும் தேய்த்து, பழைய துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள்.

3. கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் செயின் லூப் (செயினுக்கான எண்ணெய்) ஸ்பிரேயோ 90 கிரேடு கியர் ஆயிலோ விடுங்கள். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் உள்ளிருந்து வெளியே தள்ளப்படும் என்பதால் உள்பக்கம் விட்டால்தான் முழுக்கப் பரவும். இரண்டு சுற்று போதும். வழியவழிய விட்டால் மண்தான் ஒட்டும். அதிகப்படியானதைத் துடைத்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். லூப் அடித்த உடனே கிளம்பினால் பாதி எண்ணெய் பின்சக்கரத்தில்தான் தெறித்திருக்கும்.

4. இனி தொய்வு. கீழ்ச்செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்து, மொத்த அசைவை ஸ்கேலால் அளக்கவும். பல வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கச் சொல்வார்கள். சிலவற்றில் அளக்கும் இடமே வேறு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது உரிமையாளர் கையேட்டிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள்.

5. தொய்வு அதிகமென்றால் பின்சக்கர அச்சின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாகி ஸ்பிராக்கெட் ஒரு பக்கமாகத் தேயும். நட்டைக் கையேட்டில் சொன்ன டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்கிய பிறகு தொய்வை இன்னொரு முறை அளந்துவிடுங்கள். இறுக்கும்போது கொஞ்சம் மாறியிருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

தொய்வாக இருக்கும் செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுக்கமான செயின் அப்படிக் காட்டிக்கொடுக்காது, அதனால் இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆளும் பையும் ஏறியதும் பின்சஸ்பென்ஷன் அமுங்கும். அப்போது முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் ஆணி, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். செயின் உச்சமாக இழுபடுவது அந்த நிலையில்தான். வாசலில் நிற்கும்போதே விறைப்பாக இருந்த செயின், ஒவ்வொரு பள்ளத்திலும் கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.

முடிவாக, பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பகுதியில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு வந்தாலோ, பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போலக் கூர்ந்திருந்தாலோ, செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் ஒன்றாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் சீக்கிரம் தேய்த்துவிடும்.

டயர்

சைலன்சர் மாற்ற ஆசைப்படுபவர்களிடம் நான் சொல்வது, முதலில் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள் என்பதுதான். சில நூறு ரூபாய்தான். காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடவே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் உண்மையான அளவுக்குக் கீழே போய்விடும். தனியாகப் போவதற்கு ஒரு அளவு, ஆள் ஏற்றினால் பின்டயருக்கு இன்னொரு அளவு என்று ஸ்டிக்கரில் இரண்டு இருக்கும். மூட்டையோடு போகும்போது இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானத்துக்கு, டயர் பள்ளங்களுக்குள் குறுக்கே நிற்கும் சின்ன மேடுகளைப் பாருங்கள். பள்ளம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றும் நேரம். நெடுஞ்சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிவிடும். நேராகப் போகும்போது அது தெரியாது. மலையில் வண்டியைச் சாய்க்கத் தொடங்கியதும், தட்டையான பகுதியின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் வண்டி திடீரென்று விழுவது போல இருக்கும். அப்படிப்பட்ட டயரோடு மலைக்குப் போக வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

டியூப்லெஸ் பங்க்சர் கிட்டும் சின்னக் காற்றடிக்கும் பம்பும் பையில் இருக்கட்டும்.

பிரேக், ஆயில், கூலன்ட்

டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் டார்ச் அடித்து பிரேக் பேடின் கனத்தைப் பாருங்கள். 1 மி.மீ.க்கு நெருங்கிவிட்டால் பயணத்துக்கு முன்பே மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி லிவர் பஞ்சு மாதிரி அமுங்குவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் இல்லை. பெயின்ட் மேல் பட்டால் அரித்துவிடும், கவனம்.

இன்ஜின் ஆயிலை வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக்குறியீடான ஜேஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்று இருக்க வேண்டும். பைக்கின் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உள்ள கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கூலன்ட் ரிசர்வ் டேங்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் சரி. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள்.

மூட்டை கட்டுதல்

கனமான பொருட்கள் கீழேயும், வண்டியின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். டெயில் பேகில் டூல்ஸும் தண்ணீர் பாட்டிலும் போட்டால் முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆடும். இரண்டு பக்கப் பைகளும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கட்டும். பின்சஸ்பென்ஷன் பிரீலோடைக் (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். தொங்கும் பட்டைகளை எல்லாம் முடிந்து உள்ளே செருகுங்கள், பின்சக்கரத்தில் சிக்கினால் பெரிய ஆபத்து.

நெடுஞ்சாலையில்

நீங்கள் சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால்களால் டேங்கை லேசாக அணைத்துப் பிடியுங்கள். உடம்பை முதுகும் காலும் தாங்க வேண்டும், கைகள் தளர்ந்திருக்க வேண்டும். முழங்கையை மடக்கி எளிதாக அசைக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். முடியவில்லை என்றால் கையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறீர்கள். மணிக்கட்டு வலி அங்கிருந்துதான் வருகிறது.

90 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது. முன்னால் போகும் வாகனத்துக்கு இரண்டு நொடி இடைவெளி என்றால் 50 மீட்டர். மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். நாமக்கல் லாரிகளின் ஊர். லாரிக்குப் பக்கத்திலேயே நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ஓட்டுநரின் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் இருப்பது அவருக்கும் தெரியாது. சாலை நடுத்தடுப்பில் (மீடியன்) இருக்கும் திறப்புகளில் எதிர்த்திசையில் வரும் வண்டியை எப்போதும் எதிர்பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, பசிக்கிறதோ இல்லையோ, இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள்.

எழுபது வளைவுகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்தால் கொல்லிமலை அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இவ்வளவு பயிற்சியை ஒரே சாலையில் தரும் இடம் குறைவு. அதனால் அவசரப்படாமல் ஒவ்வொரு வளைவையும் ஒரே வரிசையில் செய்து பழகுங்கள்.

வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்துவிடுங்கள். இரண்டாம் கியர் பெரும்பாலும் போதும், செங்குத்தான இடத்தில் முதல் கியர். ஹாரன் அடியுங்கள். தலையைத் திருப்பி, வளைவு முடிந்து வெளியேறும் இடத்தைப் பாருங்கள். முன்சக்கரத்தடியையோ பள்ளத்தாக்கையோ பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். நடுவில் கிளட்ச் பிடித்தால் இழுவை போய் வண்டி உள்பக்கம் சரியும். மெதுவான வளைவில் முன்பிரேக்கைத் தொடாமல், தேவைப்பட்டால் பின்பிரேக்கை மட்டும் லேசாக மிதியுங்கள்.

இடப்பக்க வளைவின் உள்மூலை ரொம்பச் செங்குத்தாக இருக்கும். அதை ஒட்டித் திரும்பாமல், உங்கள் பாதியின் வெளிப்பக்கமாகத் தொடங்கித் திரும்புங்கள். வலப்பக்க வளைவில் வேறு ஆபத்து. டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் சாய்ந்த உங்கள் தலை கோட்டைத் தாண்டியிருக்கும். கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். பஸ் வந்தால் அதற்குச் சாலை முழுவதும் வேண்டும். வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். பஸ், லாரிகள் திரும்பும் இடத்தில் டீசல் சிந்தியிருப்பதும் உண்டு. தரையில் மினுமினுப்பு தெரிந்தால் அந்த இடத்தில் சாய்க்காமல் மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

கொஞ்சம் வேகமான, அகலமான வளைவுகளில் ஹேண்டிலைத் திருப்ப முயலாதீர்கள். இடப்பக்கம் போக வேண்டுமா, இடக்கைப் பிடியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்து தானாகத் திரும்பும். நம்பக் கஷ்டமாக இருக்கும். காலியான நேர்சாலையில் 40 கி.மீ. வேகத்தில் லேசாகத் தள்ளிப் பார்த்தால் கை புரிந்துகொள்ளும்.

இறங்கும்போது

ஏறிய அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல், முன், பின் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடியுங்கள். விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். லிவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ கருகிய வாசனை வந்தாலோ அகலமான இடத்தில் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு முன்னுரிமை, நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

வீடு வந்து சேர்ந்ததும் குளிக்கப் போகும் முன் இன்னும் பத்து நிமிடம் செலவிடுங்கள். செயின் சூடாக இருக்கும்போது லூப் நன்றாகப் பரவும், மழையில் நனைந்திருந்தால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலையும்கூட. முன்பு அட்ஜஸ்ட் செய்திருந்தால் ஆக்ஸில் நட்டையும் தொய்வையும் மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். டயர்களை மெதுவாகச் சுற்றி ஆணி, கண்ணாடித் துண்டு ஏதாவது குத்தியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஆணி தெரிந்தால் நீங்களாகப் பிடுங்காமல், காற்று இருக்கும்போதே பங்க்சர் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.