எரி உலை அருகே டையாக்சின்: மண்ணையும் இலையையும் சோதிப்பது எப்படி

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வலோன் குப்பை எரி உலை 1958 முதல் 2005 வரை ஓடியது. குப்பை எரியும்போது உண்டாகும், எளிதில் சிதையாத நச்சான டையாக்சின் சுற்றுப்புற மண்ணில் கிடப்பது 2021இல்தான் தெரியவந்தது. உச்ச அளவு ஒரு கிலோ மண்ணுக்கு 640 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு). உலை நின்றாலும் மண் அதை விடாது. இலையோ சில வாரக் காற்றை மட்டும் சொல்லும். பழைய படிவா, இன்றைய புகையா என்று பிரித்தறிய இரண்டுமே வேண்டும்.

காற்று அதிகம் போகும் பக்கத்தில் வெவ்வேறு தொலைவில் இடம் குறியுங்கள். புகை எட்டாத ஓரிடத்தை ஒப்பீட்டுக்கு வையுங்கள். உழுத நிலம் உதவாது, மேலே படிந்தது அடிமண்ணோடு கலந்து அளவு குறைந்து காட்டும். பல ஆண்டுகள் கொத்தாத புல்தரைதான் சரி. ஓர் இடத்துக்கு 10 முதல் 15 குத்துகள், மேல் 5 செ.மீ. மட்டும், எவர்சில்வர் குழாயால் எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். இடம் மாறும்போதெல்லாம் குழாயை அசிட்டோனால் கழுவுங்கள். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, இருட்டில், குளிரில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். குப்பை கொளுத்திய மூலையையும் மருந்து பூசிய மரக்கம்பத்தின் அடியையும் தவிர்த்துவிடுங்கள்.

இலைக்குப் பரட்டைக்கீரை (கேல்) நல்லது. அதன் மெழுகுப் பூச்சில் டையாக்சின் நன்றாக ஒட்டும். சுத்தமான மண் நிரப்பிய தொட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, எல்லா இடத்திலும் ஒரே கால அளவு விடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: மழைத்துளி தெறித்து இலையடியில் ஒட்டும் சிட்டிகை மண்ணே முடிவைப் புரட்டிவிடும். படிவை அளக்க இலையைக் கழுவக்கூடாது. சாப்பிடுபவருக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க, சமையலுக்குக் கழுவுவதுபோல் கழுவ வேண்டும்.

பெரும்பாலான செடிகளின் வேர் டையாக்சினை மேலே ஏற்றாது. பூசணி, சுகினி வகைகள் விதிவிலக்கு, காய்வரை கொண்டுபோகும். லோசானில் மாசுபட்ட தோட்டங்களில் விளையும் இவற்றைச் சாப்பிட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். அங்கே மேயும் கோழிகள் மண்ணையும் சேர்த்துக் கொத்தித் தின்பதால் அவற்றின் முட்டையையும் தவிர்க்கச் சொன்னார்கள்.

ஆய்வகத்திடம் டையாக்சின் கூட்டுத்தொகை மட்டும் வாங்கி வராதீர்கள். டையாக்சினிலும் அதன் உறவான ஃபியூரானிலும் நச்சுள்ள 17 வகைகளின் அளவையும் தனித்தனியே கேளுங்கள். எட்டுக் குளோரின் டையாக்சின் மட்டும் தூக்கலாக இருந்தால் பென்டாகுளோரோபீனால் என்ற மரம் காக்கும் மருந்து பூசிய மரத்தைச் சந்தேகியுங்கள். நச்சில் பெரும்பங்கு ஃபியூரான்களிடமிருந்து வந்தால் எரிப்பின் பக்கம் தேடுங்கள். கருவிக்கு எட்டாத வகைகளைச் சுழியமாக எடுத்தார்களா, கண்டறியும் எல்லை அளவாக எடுத்தார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். இலை மாதிரியில் அந்த ஒன்றே கூட்டுத்தொகையைப் பல மடங்கு மாற்றக்கூடும்.