ரத்த வாயுப் பரிசோதனை: ஊசியை உருவிய பிறகு நடக்கும் தவறுகள்

ராமநாதபுரம் கடலோரத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளம் கால்நடை மருத்துவர்கள், ரத்த வாயுப் பரிசோதனைக்கு (ரத்தத்தின் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமிலநிலை ஆகியவற்றை அளப்பது) ரத்தத்தை நன்றாகவே எடுக்கிறார்கள். திமிறும் கிடாயின் கழுத்துச் சிரையைக்கூட முதல் குத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். எடுத்த ரத்தத்தை எப்படி வைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

சிரிஞ்சுக்குள் போன பிறகும் ரத்தம் உயிருள்ள திசுதான். வெள்ளை அணுக்கள் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சிவப்பணுக்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக (லாக்டிக் அமிலத்தின் வடிவம்) மாற்றிக்கொண்டே இருக்கும். நேரம் ஆக ஆகப் பிஎச் இறங்கும் (அதாவது அமிலத்தன்மை கூடும்), கார்பன் டை ஆக்சைடு ஏறும். குளிரில் இதெல்லாம் மெதுவாக நடக்கும் என்பது உண்மை. அதனால்தான் எல்லோருக்கும் ஐஸ் நினைவுக்கு வருகிறது.

பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் புதைப்பது

இந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

தங்கச்சிமடத்தில் ஒரு சிப்பிப்பாறை நாய் நிமோனியாவில் கிடந்தது. ஆக்சிஜன் வைத்துத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். சிலிண்டரை நிறுத்தலாமா என்று பார்ப்பதற்காக, முகமூடியைச் சிறிது நேரம் எடுத்துவிட்டு, தொடைத் தமனியில் ரத்தம் எடுத்தார் ஓர் இளம் மருத்துவர். ரத்த வாயுவை அளக்கும் கையடக்கக் கருவி இருந்தும் பயனில்லை. அந்த வகைக் கருவி 30 டிகிரிக்கு மேல் இயங்காது, அன்று கூரைக்குக் கீழேயே அதைவிட அதிகம். சிரிஞ்சை மீன் ஐஸ் பெட்டியில் செருகி, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்கு அனுப்பினார். ஒரு மணி நேரப் பயணம். தொலைபேசியில் வந்த ஆக்சிஜன் அளவு ஆரோக்கியமான நாயினுடையது. சிலிண்டரை மூடிவிட்டார். மாலையில் நாயின் நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. மறுபடி ஆக்சிஜன் வைத்து மீட்டார்கள். அந்த மீனவக் குடும்பத்துக்கு ஒரு வாரச் செலவு கூடியது.

"ஐஸில்தானே டாக்டர் இருந்தது, எப்படிக் கெடும்?" என்று அந்த இளம் மருத்துவர் என்னிடம் கேட்டார். ஐஸில் இருந்ததால்தான் கெட்டது. பிளாஸ்டிக் சுவர் வழியாக ஆக்சிஜன் ஊடுருவும். குளிரக் குளிர ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் கரையும் திறனும் கூடும். அதனால் உள்ளே அழுத்தம் தாழ்ந்து, வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். பிறகு கருவி அந்த ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கும்போது, பிடித்து வைத்ததையெல்லாம் ஹீமோகுளோபின் விட்டுவிடும். நாயின் நுரையீரல் தராத ஆக்சிஜன் அறிக்கையில் ஏறிவிடும். அந்தச் சிரிஞ்சில் நுரைபோல் ஒரு குமிழியும் இருந்தது. வழி நெடுகக் குலுங்கி அதுவும் தன் பங்கைச் சேர்த்தது.

ஐஸ் கட்டி நேராகச் சிரிஞ்சைத் தொட்டால் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்தும் உண்டு. உப்புக் கலந்த ஐஸ் என்றால் இன்னும் மோசம். அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். செம்மறி ரத்தத்தில் உடைந்த அணுக்களிலிருந்து கசிந்த பொட்டாசியத்தை மனக்கணக்காகக் கழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் அதிகமுள்ள செம்மறியும் குறைவாக உள்ள செம்மறியும் ஒரே கிடையில் நிற்கும்.

ஆகவே, எந்தக் கேள்விக்காக ரத்தம் எடுக்கிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஆக்சிஜன்தான் கேள்வி என்றால், பிளாஸ்டிக் சிரிஞ்சை ஐஸில் வைக்காமல் 20 முதல் 25 டிகிரியில் வைத்து அரை மணி நேரத்துக்குள் பரிசோதியுங்கள். முடியாவிட்டால் கண்ணாடிச் சிரிஞ்சில் எடுத்து, ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் பிராணியையே கருவி இருக்கும் இடத்துக்குக் கொண்டு போங்கள், அல்லது நாக்கில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பாருங்கள். கழிச்சல் கண்ட கன்றின் அமிலநிலைதான் கேள்வி என்றால், சிரை ரத்தம் போதும். அதை பிளாஸ்டிக் சிரிஞ்சிலேயே ஐஸ் தண்ணீரில் வைத்து ஓரிரு மணி நேரம் கொண்டு போகலாம். வரும் அறிக்கையில் ஆக்சிஜன் வரியை மட்டும் பேனாவால் அடித்துவிடுங்கள்.

காருக்குள் 'அறை வெப்பநிலை'

சாயல்குடிப் பக்கம் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையை அறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சூட்டில் லாக்டேட் வேகமாக ஏறும், கன்றின் அமிலத்தன்மை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். 40 கிலோ கன்றுக்குக் காரக் குறைபாடு (அமிலத்தைச் சமன் செய்யத் தேவையான காரத்தின் பற்றாக்குறை) லிட்டருக்கு 3 மில்லிமோல் கூடுதலாகக் காட்டியது என்று வையுங்கள். எடையை 0.6 ஆலும் குறைபாட்டாலும் பெருக்கும் வழக்கமான கணக்குப்படி 72 மில்லிமோல், அதாவது சுமார் 6 கிராம் சோடியம் பைகார்பனேட் தேவையில்லாமல் சிரைக்குள் போகும். ஏற்கெனவே கழிச்சலில் உடலின் பொட்டாசியத்தை இழந்த கன்றுக்கு ரத்தத்தில் அது இன்னும் சரியும்.

அரிசியை மேய்ந்துவிட்டு வயிறு உப்பி வரும் ஆட்டில் குழப்பம் வேறு விதம். அதன் ரத்தத்தில் சேரும் டி-லாக்டேட்டை (வயிற்று நுண்ணுயிரிகள் உண்டாக்கும் வடிவம்) வழக்கமான கருவிகள் அளப்பதில்லை. அவை எல்-லாக்டேட்டை (உடலின் அணுக்கள் உண்டாக்கும் வடிவம்) மட்டுமே காட்டும். சிரிஞ்சுக்குள் வெயிலில் ஏறுவதும் எல்-லாக்டேட்தான். நோய் அறிக்கையில் தெரியாமல் போக, வெயில் மட்டும் தெரியும்.

குமிழி

ஊசியை உருவியவுடன் வெளியேற்றி, மூடியிடுங்கள். வண்டியில் ஏறிய பிறகு வெளியேற்றிப் பயனில்லை.

மிஞ்சிய ஹெப்பாரின்

ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவ ஹெப்பாரினைச் சிரிஞ்சில் இழுத்துச் சுவரை நனைத்துவிட்டு முழுவதையும் வெளியே தள்ள வேண்டும். அரை மில்லி ரத்தத்துக்குக் கால் மில்லி ஹெப்பாரின் நின்றால், கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் தாழ்ந்து காட்டும். அயனிக் கால்சியமும் (எதோடும் ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் கால்சியம்) குறையும். உலர் ஹெப்பாரின் சிரிஞ்சு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஊதா மூடிக் குழாய்

ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ உப்புப் போட்ட குழாய் இது. இந்தப் பரிசோதனைக்குக் கூடவே கூடாது.

நேரம் எழுதாத சீட்டு

எடுத்த நேரம், கருவியில் வைத்த நேரம், தமனியா சிரையா, ஆக்சிஜன் ஓடியதா, பிராணியின் உடல் வெப்பம் ஆகிய ஐந்தையும் சிரிஞ்சோடு கட்டிய சீட்டில் எழுதுங்கள். கருவி 37 டிகிரியில் அளக்கிறது. வெள்ளாட்டின் இயல்பான வெப்பமே 39 டிகிரியை ஒட்டி இருக்கும். அதனால் உடல் வெப்பம் தெரியாமல் அளவைச் சரிப்படுத்த முடியாது. கருவியில் வைத்த நேரம் தவிர மற்ற நான்கு விவரங்களும் இல்லாமல் வரும் சிரிஞ்சை நான் கருவியில் வைப்பதில்லை. புதிதாக ரத்தம் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.