யூனி பிள்ளைகளும் யாழ்ப்பாண வெயிலும்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் யூனிக்கு (பல்கலைக்கழகத்துக்கு) போகும் நம் பிள்ளைகள் குளிர்காலம் முழுக்க ஜக்கெட்டுக்குள் கிடந்தவர்கள். ஊருக்குப் போய் இறங்கியதும் கையில்லாத சட்டைக்கு மாறி, வெயிலில் குளிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளோ எதிர்மாறு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகக் கம்பஸ் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள்: குடை, முழுக்கைச் சட்டை, ஸ்கூட்டி ஓடும் பிள்ளையின் கையுறை. அவர்களைப் பார்த்துப் பழகினாலே வெயில் சுடும் பிரச்சினை பாதி தீரும்.

"நாங்கள் கறுப்புத்தானே, வெயில் என்ன செய்யும்?" என்றுதான் என் மகளும் கேட்டாள். குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். கடற்காற்று குளுகுளுவென்று அடித்ததால் மேல்தட்டிலேயே இருந்துவிட்டாள். அன்றிரவு தோள் பட்டு மல்லாந்து படுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் தோல் உரிந்தது. தோலைக் கறுப்பாக்கும் மெலனின் ஓரளவுக்குத்தான் காக்கும். அதோடு கறுத்த தோலில் சிவப்புப் பளிச்சென்று தெரியாது. தொட்டால் சுடும், தோல் இறுகி எரியும். அதுதான் அடையாளம்.

யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். வருடப்பிறப்புக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் நாம் போகிற காலமும் அதுதான். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால், அந்தக் காலத்தில் அது காலை ஒன்பதில் இருந்து மூன்று மணி வரை, நிழலுக்குள் ஒதுங்குங்கள். மூட்டமாக இருந்தாலும் புறஊதாக் கதிர் இறங்கும்.

நல்லூரில் ஆண்கள் மேலாடை களைந்துதான் உள்ளே போக வேண்டும். வீதி மணலும் சுடும். விடியப் பூசைக்குப் போவது சுகம். பகலில் போவதென்றால் முதுகுக்கும் சன்கிறீம் பூசுங்கள். திருநீறு அந்த வேலையைச் செய்யாது!

எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30க்குக் குறையாத சன்கிறீமைப் புறப்பட முன்பே வாங்கி, பெரிய சூட்கேசில் வையுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் புறங்கை, பிடரி, பாதத்தின் மேற்புறம் மறந்துபோகும். பெரியம்மா "கறுத்துப் போனாய்" என்று கவலைப்பட்டு வெள்ளையாக்கும் கிறீம் நீட்டினால் பணிவாக மறுத்துவிடுங்கள். விவரம் அச்சிடாத டப்பாக்களில் பாதரசம்கூட இருக்கலாம்.

முக்கியமாக ஒன்று. முகப்பருவுக்கு டொக்சிசைக்ளின் குளிசை எடுப்பவர்களுக்கு வெயில் வழமையைவிடச் சீக்கிரம் சுடும். தாங்களாக நிறுத்தாமல், பயணத்துக்கு முன் டொக்டரிடம் கேட்கட்டும்.

அலைந்து களைத்தால் இளநீர் குடியுங்கள், ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த பானத் தூள்) கரைத்துக் குடியுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.