சைக்கிள் ரீகால்: செய்யக்கூடாத சில தவறுகள்

ரீகால் என்பது குறையுள்ள வண்டியையோ பாகத்தையோ சரிசெய்து தர, தயாரித்த நிறுவனமே திரும்ப அழைப்பது. அந்த அறிவிப்பு வந்ததும் ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

பிரேமில் இருக்கும் பெயரை மட்டும் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. "நம்ம வண்டி பெயர் லிஸ்டில் இல்லை" என்று சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். பல ரீகால்கள் சைக்கிளுக்கு வருவதில்லை, அதில் மாட்டியிருக்கும் ஒரு பாகத்துக்குத்தான் வருகின்றன. 2023 செப்டம்பரில் ஜப்பானின் சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ அறிவித்ததும் அப்படித்தான்: அல்டெக்ரா, டியூரா ஏஸ் வரிசைகளில் 2019 ஜூலைக்கு முன் தயாரான சில 11 ஸ்பீடு கிராங்குகள் (கிராங்க் என்பது பெடல் மாட்டும் கை). ஒட்டிச் சேர்த்த பகுதிகள் பிரிந்து கிராங்க் உடையலாம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்குகள், பிரிந்ததாக 4,500-க்கும் மேற்பட்ட புகார்கள். அவை எத்தனையோ பிராண்டு சைக்கிள்களில் இருந்தன, தனியாகவும் விற்றன. பிரேமில் எந்தப் பெயர் இருந்தாலும், பார்க்க வேண்டியது கிராங்க் கையின் உள்பக்கம், பெடல் மாட்டும் இடத்துக்குப் பின்னால் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டைத்தான்.

என்னோடு ஓட்டும் ஒருவர் வேறொரு ரீகாலின்போது பில்லை எடுத்துக் காட்டி, "என்னுது வராது" என்று சாதித்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி அது. படிந்திருந்த அழுக்கைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், பட்டியலில் உள்ள அதே எண். முந்தைய உரிமையாளர் பாகத்தை மாற்றியிருக்கிறார், பில்லுக்கு அது எப்படித் தெரியும்? கை விட்டுத் தடவி, கண்ணால் எண்ணைப் படிக்காமல் "இல்லை" என்று சொல்லாதீர்கள்.

"நான் ஒழுங்காகத்தானே மாட்டுகிறேன்"

2015-ல் டிரெக் என்ற அமெரிக்க சைக்கிள் நிறுவனம் சுமார் 9 லட்சம் சைக்கிள்களை அமெரிக்காவில் ரீகால் செய்தது. முன் சக்கரத்தின் குவிக் ரிலீஸ் லீவர் (கருவி இல்லாமல் சக்கரத்தைக் கழற்றி மாட்ட உதவுவது) திறந்திருந்தால் டிஸ்க் பிரேக்கில் சிக்கி, சக்கரம் சட்டென்று நின்றுவிடலாம். ஒழுங்காக மூடுகிறவரும் ஒருநாள் அவசரத்தில் மறப்பார். மாற்று லீவரைக் கடையிலேயே இலவசமாக மாட்டித் தருவதாகத்தான் அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

ரீகால் ஆன பாகத்தைப் பசை, டேப் போட்டுச் சமாளிப்பது

வேண்டவே வேண்டாம்.

சோதனையில் தேறியதும் மறந்துவிடுவது

ஷிமானோ விஷயத்தில் கடையில் சோதித்து, பிரிவதற்கான அறிகுறி தெரிந்த கிராங்குகளைத்தான் மாற்றிக் கொடுத்தார்கள். மற்றவை வண்டியிலேயே இருக்கின்றன. அழுத்தி மிதிக்கும்போது கிறீச்சென்ற சத்தம், இணைப்பில் கோடு போல இடைவெளி, இவற்றில் எது தெரிந்தாலும் திரும்பவும் கடைக்குக் கொண்டு போங்கள்.

சரிசெய்யாமல் விற்றுவிடுவது

அமெரிக்காவில் அது சட்டவிரோதம். சட்டம் இல்லாத ஊரிலும் செய்யக்கூடாது.