விக்டோரியா காலப் பெண்கள் பள்ளியைக் கதைக்களமாக அமைப்பது எப்படி?

இங்கிலாந்தின் விக்டோரியா காலப் பெண்கள் பள்ளியொன்றை வைத்துச் சிறுகதையோ மேடை நாடகமோ எழுத முற்படுகிற நம்மவர்களுக்கு, முதலில் கண்முன் வந்து நிற்பது பெரும்பாலும் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பார்த்த கான்வென்ட்தான். மடிப்பு வைத்த சீருடை, வண்ணம் வண்ணமாக ஹவுஸ்கள், ஹாக்கி மைதானம், இருவர் இருவராக வரிசையில் நடக்கும் மாணவிகள் என்று அந்தக் காட்சி விரிகிறது. இவற்றுள் இருவர் இருவராக நடப்பது மட்டுமே அக்காலம் முழுவதற்கும் பொருந்தும். மற்றவை அரசியின் ஆட்சி முடியும் தறுவாயில் அரும்பியவை, சில அதற்கும் பின்னர் வந்தவை. விக்டோரியா 1837 முதல் 1901 வரை ஆட்சி செய்தார். அக்கால எல்லையின் தொடக்கத்தில் இருந்த பள்ளியையும் முடிவில் இருந்த பள்ளியையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே நாட்டைச் சேர்ந்தவை என்று நம்புவதே கடினம். ஆகவே முதல் வரியை எழுதுவதற்கு முன், கதை நடக்கும் ஆண்டையும் பள்ளியின் வகையையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உடை, பாடம், தண்டனை, விழா ஆகிய அனைத்தும் அந்த இரண்டையும் பொறுத்தே அமையும்.

தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை. சார்லட் பிராண்டி எழுதிய ‘ஜேன் ஐர்’ நாவலில் வரும் லோவுட் பள்ளியை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். நாவல் 1847இல் வெளிவந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அடிப்படையாக அமைந்த கோவன் பிரிட்ஜ் பள்ளி, பாதிரியார்களின் பெண்களுக்காக 1824இல் தொடங்கப்பட்டது. நாவலாசிரியையின் மூத்த சகோதரிகள் இருவர் அங்கே நோயுற்று, 1825இல் இறந்தனர். அப்போது விக்டோரியா ஆறு வயதுச் சிறுமி. 1880ஆம் ஆண்டுக் கதையில் அந்நாவலில் வரும் கருகிய கஞ்சியையும் உறைந்த தண்ணீரையும் கொண்டுவந்தால் அது ஐம்பத்தைந்து ஆண்டு பிந்திய துயரமாகிவிடும்.

வீடே பள்ளியாக இருந்த காலம்

கதை 1840களிலோ 1850களிலோ நடப்பதாயின், நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணை ஒரு பெரிய கட்டடத்துக்குள் அனுப்பாதீர்கள். கடற்கரை நகரமொன்றில் திருமணமாகாத சகோதரிகள் இருவரோ ஒரு கைம்பெண்ணோ நடத்தும் வீட்டுக்கு அவளை அனுப்புங்கள். இருபது முப்பது பெண்கள், மாடியில் படுக்கையறைகள், கீழே பியானோ வைத்த கூடம். அன்றைய பள்ளி பெரும்பாலும் அவ்வளவுதான். சேரும்போது சொந்தப் படுக்கை விரிப்பும் துவாலைகளும், பல இடங்களில் வெள்ளிக் கரண்டியும் முள்கரண்டியும்கூடக் கொண்டுவர வேண்டியிருந்தது. கட்டணப் பட்டியலில் அடிப்படைத் தொகைக்குக் கீழே பிரெஞ்சு, இசை, ஓவியம், நடனம், துணி வெளுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூடுதல் தொகை இருந்தது. எழுத்தாளருக்கு இந்தப் பட்டியல் ஒரு புதையல். இசைக்குப் பணம் கட்ட இயலாத பெண்ணும், கூடுதல் கட்டணம் செலுத்தித் தலைமையாசிரியையின் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்பதிலிருந்தே கதைக்கு வேண்டிய முரண் கிடைத்துவிடும்.

பாடம் என்பது பெரும்பாலும் மனப்பாடமே. ரிச்மல் மாங்னல் என்ற ஆசிரியை 1798இல் முதன்முதலாக வெளியிட்ட வினா விடை நூலொன்று, நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் வகுப்பறைகளில் கோலோச்சியது. கிரேக்க வரலாறும் பிறவும் கேள்வியும் பதிலுமாக அதில் அடுத்தடுத்து வரும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமில்லை. பூகோள உருண்டையைப் பயன்படுத்துதல் தனிப் பாடமாக விளம்பரப்படுத்தப்பட்டது. முதுகு நிமிர்வதற்காகப் பலகையைத் தோள்களுக்குப் பின்னால் பிடித்து நிற்கும் பயிற்சியும் இருந்தது. பெண்ணுரிமைக்காகப் பின்னாளில் போராடிய பிரான்சிஸ் பவர் காப், 1836 வாக்கில் பிரைட்டனில் தாம் படித்த பள்ளியைப் பற்றித் தன்வரலாற்றில் கசப்பும் நகைப்புமாக எழுதியிருக்கிறார். அங்கே தங்கிய இரண்டு ஆண்டுகளுக்கு ஆயிரம் பவுண்டு செலவானது. பாடங்களின் மதிப்பு வரிசையில் இசையும் நடனமும் உச்சியிலும் ஒழுக்கமும் சமயமும் அடியிலும் இருந்தன. ஆயிரம் பவுண்டு அன்று ஒரு பெரிய சொத்து. இத்தகைய விவரம் ஒன்று கையில் இருந்தால், கதையில் வரும் தந்தை பள்ளியைப் பற்றிப் பேசும் வசனம் தானாக அமைந்துவிடும்.

நாட்காட்டியிலும் கவனம் தேவை. பல பள்ளிகளில் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்வியாண்டு இரண்டு அரையாண்டுகளாகவே பிரிந்திருந்தது. மூன்று பருவங்கள் என்னும் வழக்கம் பிறகே பரவியது. ஆகவே வீட்டைப் பிரிந்து வரும் பெண் ஏறத்தாழ ஐந்து மாதம் பெற்றோரைப் பார்க்காமல் இருந்திருப்பாள். அவள் எழுதும் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் ஆசிரியை படிப்பதும் பரவலாக இருந்த வழக்கம்தான். எனவே பள்ளியைப் பற்றிய உண்மையைக் கடிதத்தின் வழியாகச் சொல்ல நினைத்தால், அதை யாரிடம் கொடுத்து அனுப்பினாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பஸ், பீல் ஆகிய இருவர் கொண்டுவந்த மாற்றம்

1848இல் லண்டன் ஹார்லி தெருவில் குவீன்ஸ் கல்லூரி திறக்கப்பட்டது; வீட்டாசிரியைகளின் அறிவுத் தரத்தை உயர்த்த வேண்டும் என்ற நோக்கமே அதன் தொடக்கத்துக்குக் காரணம். அங்கு பயின்ற இருவர் அடுத்த ஐம்பது ஆண்டுக் கதையை எழுதினார்கள் என்றே கூறலாம். பிரான்சிஸ் மேரி பஸ் 1850இல் கேம்டன் டவுனில் வடலண்டன் காலேஜியேட் பள்ளியைத் தொடங்கினார். டொரோத்தியா பீல் 1858இல் செல்ட்னம் மகளிர் கல்லூரியின் தலைமையை ஏற்று, 1906இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் நீடித்தார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. காமன் கணை இவர்கள்மீது தைப்பதில்லை என்று ஒரு கேலிப்பாட்டும் அக்காலத்தில் உலவியது. ஆனால் இருவரையும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக எழுதுவது பிழை. பஸ்ஸின் பள்ளி மாணவிகள் மாலையில் வீடு திரும்பும் பகல்பள்ளி. சமயப் பாடத்திலிருந்து மகளை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இருந்தது. பொதுத் தேர்வுகளில் அவருக்குப் பெரும் ஈடுபாடு. பீலோ போட்டி மனப்பான்மையை ஐயத்துடன் நோக்கியவர். பரிசுகளிலும் பிற பள்ளிகளுடன் விளையாட்டில் மோதுவதிலும் நாட்டமற்றவர். அவருடைய கல்லூரியில் அனுமதியின்றி மாணவிகள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்ற மௌன விதி நடைமுறையில் இருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் பேச்சின்றி வகுப்பு மாறுகிற ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். உடைகள் உரசும் ஓசையும் காலடியோசையும் மட்டுமே கேட்கும் அந்த இடைவேளை, பக்கம் பக்கமாக எழுதும் கட்டட வருணனையைவிட வலுவானது.

தேர்வை மையமாக்க விரும்புவோருக்கு 1863 டிசம்பர் பொருத்தமான காலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆண்பிள்ளைகளுக்கு நடத்திய உள்ளூர்த் தேர்வை, பெண்கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸின் விடாமுயற்சியால், அப்போது சோதனையாகப் பெண்களும் எழுதினார்கள். 83 பேர் எழுதினர். மூத்த பிரிவினருள் பெரும்பாலோர் கணக்கில் தோற்றனர். பஸ் அந்தத் தோல்வியை ஏற்றுக்கொண்டு தம் பள்ளியில் கணக்கு கற்பிக்கும் முறையையே மாற்றினார். 1865 முதல் பெண்களுக்கு அத்தேர்வு முறையாகத் திறந்துவிடப்பட்டது. டான்டன் பிரபுவின் தலைமையில் 1864இல் அமைந்த அரசு விசாரணைக் குழுவின் முன் பஸ்ஸும் பீலும் சாட்சியம் அளித்தனர். 1868இல் வெளிவந்த அதன் அறிக்கை, பெண்கல்வியில் ஆழமின்மையும் ஒழுங்கின்மையும் பகட்டும் நிறைந்திருப்பதாகக் கடிந்துரைத்தது. இதன் விளைவுகளுள் ஒன்றாக, 1872இல் பெண்கள் பொதுப் பகல்பள்ளிக் கழகம் பிறந்து, மறு ஆண்டே செல்சியில் முதல் பள்ளியைத் திறந்தது.

இத்தகைய உயர்நிலைப் பள்ளிகளில் வகுப்பு பெரும்பாலும் நண்பகலைச் சற்றே தாண்டியதும் முடிந்துவிடும். ஓய்வு கொடுப்பது மட்டுமே இதன் நோக்கமன்று. மிகையான படிப்பு பெண்ணின் உடலைக் கெடுத்துவிடும் என்ற வாதம் அன்று மருத்துவர்களிடமிருந்தே வந்தது. 1874இல் ஹென்றி மாட்ஸ்லி அவ்வாறு எழுத, அதே ஆண்டில் மருத்துவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் மறுத்து எழுதினார். பள்ளிகள் உடற்பயிற்சிக்கு இடமளித்ததற்கும் இந்த அச்சத்தை அடக்க வேண்டிய தேவை ஒரு காரணம். கதையில் ஒரு பாட்டியோ குடும்ப மருத்துவரோ இந்த வாதத்தைப் பேசினால் காலத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

ஏழை வீட்டுப் பெண்ணின் பள்ளி

நாயகி தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணாயின் மேலே சொன்னவற்றை மறந்துவிடுங்கள். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, உள்ளூர்க் கல்வி வாரியங்கள் (போர்டுகள்) நடத்த எழுந்த போர்டு பள்ளிகளின் வாயில்களில் பெண்கள், ஆண்கள், மழலையர் என்று கல்லில் தனித்தனியே செதுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் சில கட்டடங்களை இன்றும் லண்டனில் காணலாம். வாரக் கட்டணம் ஒன்பது பென்னிக்கு மேற்படக் கூடாது என்பது சட்டம். 1880இல் ஐந்து முதல் பத்து வயதுவரை வருகை கட்டாயமானது. 1891இல் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணமே நீங்கியது. 1862இல் வந்த விதிமுறையின்படி, ஆய்வாளர் ஆண்டுதோறும் நடத்தும் தேர்வில் குழந்தைகள் பெறும் தேர்ச்சியைப் பொறுத்தே பள்ளிக்கு அரசு மானியம் கிடைத்தது. ஆய்வாளர் வரும் நாளில் ஆசிரியையின் முகம் வெளிறியிருந்ததற்கு அவளுடைய சம்பளமே காரணம். பெண்களுக்குத் தையல் கட்டாயப் பாடம். பொத்தான்துளை தைப்பதற்கும் கிழிசலை இழைப்பதற்கும் மணிக்கணக்கில் நேரம் போயிற்று.

இங்கே கதைக்கு மிகவும் உதவக்கூடியவள் மாணவ ஆசிரியை. 1846 முதல் இருந்த ஏற்பாட்டின்படி பதின்மூன்று வயதுச் சிறுமி ஐந்தாண்டுக்குப் பயிற்சி ஒப்பந்தம் செய்துகொண்டு, பகலில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபடியே, தலைமையாசிரியையிடம் தானும் பாடம் கற்றாள். அடிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல், அறுபது குழந்தைகளின் முன்னால் நிற்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பற்றி இன்னும் யாரும் தமிழில் விரிவாக எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

மரபுகளைத் தேர்ந்து சேர்த்தல்

விழாவும் சடங்கும் இல்லாமல் பள்ளிக்கதை நிறைவதில்லை. ஆனால் பிழைகள் மிகுதியாக நுழைவதும் இங்கேதான். பழைய மரபு வேண்டுமாயின் பிரிஸ்டலின் ரெட் மெய்ட்ஸ் பள்ளியைப் பாருங்கள். ஜான் விட்சன் என்ற வணிகரின் உயிலால் 1634இல் தோன்றிய அப்பள்ளியின் பெண்கள் சிவப்புத் துணி உடுத்த வேண்டும் என்று அந்த உயிலே கூறியது. நிறுவனரின் நினைவாக நவம்பரில் சிவப்பு மேலங்கியும் வைக்கோல் தொப்பியுமாக ஊர்வலம் செல்வது அவர்களது புகழ்பெற்ற வழக்கம். கவனிக்க வேண்டியது என்னவெனில், அக்காலத்தின் பெரும்பகுதியில் இத்தகைய சீருடை அறக்கொடைப் பள்ளியின் அடையாளம். வசதி படைத்த வீட்டுப் பெண்கள் தங்கள் சொந்த உடையில்தான் படித்தார்கள். இன்று நாம் அறிந்த பினஃபோர் வகைச் சீருடை, 1890களில் உடற்பயிற்சிக் கல்லூரி மாணவிகளுக்கென உருவாகி, பிறகே வகுப்பறைக்குள் வந்தது.

அக்காலத்திலேயே புதிதாகப் பிறந்த மரபுக்கு நல்ல சான்று லண்டன் வைட்லேண்ட்ஸ் கல்லூரியின் மே அரசி விழா. அது பள்ளியன்று, ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி; எனினும் 1881இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் ஊக்கத்தால் தொடங்கிய அவ்விழாவில் மாணவிகளே தங்களுள் அன்புக்குரிய ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தனர்; அவளுக்குத் தங்கச் சிலுவை அளிக்கப்பட்டது; ரஸ்கின் தந்த நூல்களை அவள் தன் தோழியருக்கு வழங்கினாள். விளையாட்டு மரபுக்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனர்ட்ஸ் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். 1877இல் தொடங்கிய அப்பள்ளியின் முதல் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன் வட அமெரிக்கப் பயணத்தில், வலை கட்டிய மட்டையால் பந்தாடும் லாக்ராஸ் ஆட்டத்தைக் கண்டு வியந்தார்; 1890இல் அவ்வாட்டம் அங்கே அறிமுகமானது. ரோடீன் 1885இலும், வைகம் ஆபி 1896இலும் தோன்றியவை. நம் கற்பனையில் உள்ள மட்டையும் மைதானமும் இந்தக் கடைசிப் பள்ளிகளிலிருந்து வந்தவையே.

சான்றுகளைத் தேடுதல்

குறிப்பிட்ட ஒரு பள்ளியை எழுதுவதாயின், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளிலிருந்து தொடங்குங்கள். 1841 முதல் 1901 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த ஏடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. விடுதிப் பள்ளியாயின் ஆசிரியைகள், பணிப்பெண்கள், மாணவிகள் ஆகிய அனைவரின் வயதும், 1851 முதல் பிறந்த ஊரும் ஒரே இடத்தில் இருக்கும். இந்தியாவில் பிறந்ததாகக் குறிக்கப்பட்ட பெண்களும் பல ஏடுகளில் தென்படுவார்கள். ஆனால் பகல்பள்ளி மாணவிகள் தத்தம் வீட்டுக் கணக்கிலேயே இருப்பார்கள். 1841ஆம் ஆண்டு ஏட்டில் பதினைந்து வயதைக் கடந்தோரின் வயது பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டிருப்பதால், இருபது என்றிருக்கும் ஆசிரியைக்கு இருபத்து நான்கும் இருக்கலாம்.

போர்டு பள்ளிக்குத் தலைமையாசிரியை எழுதிய நாட்குறிப்பேடுகளே உயிர்நாடி. துணி வெளுக்கும் நாளில் பெண்கள் வராதது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டது, கென்ட் பகுதியில் பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப் பூக்களின் பறிப்புக்குக் குடும்பத்தோடு போனது ஆகிய செய்திகள் வறண்ட ஒற்றை வரிகளாக அவற்றில் இருக்கும். உயர்நிலைப் பள்ளிக்கு மாணவியர் இதழ்களைப் பாருங்கள். செல்ட்னம் இதழ் 1880இல் பீலின் முயற்சியால் தொடங்கியது.

வரைவு முடிந்ததும், காலத்துக்கு ஒவ்வாதவற்றைக் களைவதற்காகவே ஒருமுறை முழுவதும் படியுங்கள். பேரரசு நாள் கொண்டாட்டம் விக்டோரியாவின் இறப்புக்குப் பிந்தியது. அதற்குப் பதிலாக 1887 ஜூனில் அரசியின் ஆட்சிப் பொன்விழாவுக்காக ஹைட் பூங்காவில் சுமார் 30,000 பள்ளிக் குழந்தைகளுக்கு ரொட்டியும் பாலும் நினைவுக் குவளையும் வழங்கிய நாளை வைத்துக்கொள்ளலாம். ஆசிரியையை மாணவி ‘மிஸ்’ என்ற சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைக்க வேண்டும். ஒரே வீட்டுப் பெண்கள் இருவர் படித்தால் மூத்தவளுக்கு மட்டுமே குடும்பப் பெயர் தனித்து வரும், இளையவளுக்கு முன்னால் அவளுடைய சொந்தப் பெயரும் சேரும். பதினேழு பதினெட்டு வயதுவரை கூந்தலை மேலே அள்ளி முடிந்துகொள்வதில்லை என்பதையும் சரிபார்த்துவிடுங்கள்.